என் கூரையில் வெந்த பேச்சு

இப்பொழுதெல்லாம் ஜனங்கள் எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறார்கள். செருப்பில் தையல் இல்லை, பசை. கதவுக்குக் கீல் இல்லை, பசை. ஒரு நட்டு, ஒரு போல்டு கண்ணில் படுவதில்லை. எவனோ ஒருவன் ஓசியில் ஒரு பொருளைக் கொண்டுவந்து நம் வீட்டில் ஒட்டிவிட்டுப் போகிறான். "இதை எப்படிக் கழற்றுவது?" என்று எவனாவது கேட்கிறானா? பல்லைக் காட்டுகிறான். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறான்.

நான் கேட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் நாச்சிமுத்து. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவன். ரிக் என்றால் போர் போடுகிற வண்டி. ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் பாறையைத் துளைத்திருக்கிறேன். பூமிக்குள் இருந்த தண்ணீரையெல்லாம் உறிஞ்சித் தீர்த்த பிறகு, இனி எவனும் ஓட்டை போடக் கூடாது என்று சட்டம் வந்தது. ரிக்கை எடைக்குப் போட்டார்கள். கூடவே குழாய் ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டியை நான் எடுத்துக்கொண்டு வீடாக்கினேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். டீசல் கிடைக்காமல் போனதும் கரண்டு மோட்டார் வைத்தேன். என்னைப் போல வண்டியிலேயே குடியிருக்கிறவர்கள் இன்றைக்கு எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தண்ணீர் கிடைக்கிற பக்கம் நகர்வோம், குளிர்ச்சி இருக்கிற பக்கம் நகர்வோம். நாங்கள் நிறுத்திக்கொள்ள, காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், பழைய காற்றாடிகள் நிற்கிற காட்டில் ஒரு திடல் ஒதுக்கியிருந்தார்கள்.

அங்கேதான் தகடு வந்தது.

தகட்டுக் கம்பெனியிலிருந்து நிரஞ்சனா என்று ஒரு பெண் வந்தது. இன்ஜினியருக்குப் படித்த பெண். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தானே ஏணி ஏறி வேலை செய்தது. அந்த விஷயத்தில் நான் குறை சொல்லமாட்டேன். கறுப்பான சோலார் தகடு, பாய் அகலம் இருக்கும், கனம் மட்டும் வறட்டி அளவுக்குக்கூட இல்லை. கூரை மேல் பசையைப் பிதுக்கி, தகட்டைப் படுக்க வைத்து, கையால் நீவிவிட்டது. வேலை முடிந்தது.

"பாத்தீங்களாய்யா, ஒரு ஓட்டை கூடப் போடல. மழை பேஞ்சா ஒழுகவே ஒழுகாது."

"செரி. கழட்டறது எப்பிடி?"

"எதுக்குங்கய்யா கழட்டணும்? கரண்டு ஓசி. உங்க மோட்டாரும் இதுலயே ஓடும். சும்மா இருக்கற நேரத்துல எங்களுக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுக் குடுக்கும். அவ்வளவுதான்."

"தகடு கணக்குப் போடுமா?"

"உள்ள பொடிப்பொடியா மூளை மாதிரி வெச்சிருக்குங்கய்யா. ஊர்ல இருக்கற கூரைத் தகடெல்லாம் சேந்தா ஒரு பெரிய மூளை."

"என்ன கணக்குப் போடும்?"

"அது... பலதும் போடுங்கய்யா."

கேட்ட கேள்விக்கு ஒன்றுக்கும் பதில் இல்லை. கரண்டு மட்டும் வந்தது. நான் அந்தத் தகட்டை ஒருநாளும் நம்பவில்லை. இருந்தாலும் தினமும் காலையில் மேலே ஏறி ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். நம்பாத சாமானாக இருந்தாலும் என் கூரையில் அழுக்காகக் கிடக்கக் கூடாது. ரிக் வண்டிப் புத்தி, போகாது. மற்றவர்கள் கூரையெல்லாம் புழுதி ஏறி, காக்காய் எச்சத்தோடு கிடக்கும்.

என் வண்டிக்குப் பக்கத்து வண்டி துளசிமணியுடையது. அவளும் அவள் புருஷன் பொங்கியண்ணனும் வண்டியிலேயே டீக்கடை வைத்திருந்தார்கள். துளசிமணிக்குச் சில வருஷம் முன்னால் வாதம் வந்து, கை கால் தப்பித்தது, பேச்சு போய்விட்டது. டீயைக் கொடுத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஏதோ வைத்தார்கள். பேச்சு திரும்பி வந்தது. வந்தது என்றால், மதகைத் திறந்த மாதிரி வந்தது. அவ்வளவும் என் மேல்தான் பாய்ந்தது. நான் டீ கிளாஸைக் கழுவி வைக்கவில்லை என்றால் ஏச்சு. கழுவி வைத்தால், எதற்குத் தண்ணீரைக் கொட்டினீர்கள் என்று ஏச்சு. ஏசினாலும் மரியாதை குறையாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது.

"உங்களுக்குக் கெரகம் புடிச்சிருக்குதுங் நாச்சிமுத்தண்ணா! மூஞ்சியப் பாருங், கருவாட்டுப் பானையாட்ட!"

காலையில் அந்த 'நாச்சிமுத்தண்ணா' காதில் விழுந்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

பங்குனியில் தகட்டுக் கம்பெனியிலிருந்து என் போனுக்கு ஒரு உத்தரவு வந்தது. ஆனி முடியும் வரை வண்டியைத் திடலை விட்டு நகர்த்தக் கூடாதாம். வெயில் நன்றாக அடிக்கிற காலம் என்பதால் தகடு இங்கேயே இருக்க வேண்டுமாம். போனையே படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். தகரக் கூரைக்குக் கீழே குடியிருக்கிறவன் நான். சித்திரை வெயிலில் உள்ளே படுத்தால் சுட்ட கத்தரிக்காய் மாதிரி தோல் உரிந்துவிடும். போன வருஷம் பக்கத்துத் திடலில் என் வயசுக்காரன் ஒருவன் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தான். அதனால்தான் நான் வருஷா வருஷம் பங்குனி கடைசியில் கொல்லிமலை அடிவாரத்துக்குப் போய்விடுவேன். வெயில் அடிக்கிறது என்பதால் நான் போகவேண்டும் என்கிறேன். வெயில் அடிக்கிறது என்பதால் நான் நிற்கவேண்டும் என்கிறான் அவன்.

வண்டியைக் கிளப்பிப் பார்த்தேன். கிளம்பியது. திடலின் வரப்புக்கு வந்ததும் மோட்டார் நின்றுவிட்டது. தள்ளிப் பின்னால் கொண்டுவந்தால் ஓடுகிறது. தகடு விட்டால்தான் மோட்டார் போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. வண்டி என்னுது, மோட்டார் என்னுது, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது உத்தரவு போடுகிறது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தகட்டை அறுத்து எடுப்பது. கட்டிலுக்கு அடியில் போர்வை சுற்றிப் பழைய காலத்துத் தகடு ஒன்று வைத்திருந்தேன். மூளை கீளை இல்லாதது. வெயில் பட்டால் கரண்டு கொடுக்கும், வேறொன்றும் தெரியாது. அதைப் போல்டு போட்டு மாட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான்.

ஒட்டின தகட்டைக் கழற்றுவதற்கு ஒரு வழி உண்டு. கத்தி போட்டால் கூரை கிழியும். நெம்பினால் தகடு உடையும். மெல்லிசான இரும்புக் கம்பியைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து, இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்து, ரம்பம் இழுப்பது போல மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். பசை அறுந்துகொண்டே வரும். கிளட்ச் கேபிளைப் பிரித்து ஒற்றைக் கம்பி எடுத்து, இரண்டு நுனியிலும் மண்வெட்டிக் காம்பைத் துண்டு போட்டுக் கட்டினேன். இன்னொரு கைக்குப் பொங்கியண்ணனைக் கூப்பிட்டேன்.

அவன் நல்ல மனுஷன், மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. ஏணியில் ஏறும்போதே கீழேயிருந்து துளசிமணி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங் நாச்சிமுத்தண்ணா, நீங்க கெடறது போதாதுன்னு இந்த மனுசனையும் கூட்டிட்டுப் போறீங்ளா? கரண்டு புடிச்சு இழுத்துச்சுன்னா ரெண்டு பேரும் அப்பளமாட்ட பொரிஞ்சு போவீங்!"

"அதுக்குத்தான் சாக்கு நனைச்சு வெச்சிருக்கறன் அம்மிணி. மூடிப் போட்டா தகடு தூங்கிரும். நீ போயி டீ ஆத்து."

தகடு வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை வைக்கக் கூடாது. அதுவும் தொழில் வழக்கம்தான். ஈரச் சாக்கை விரித்தோம். அதன் மேல் தார்ப்பாயை இழுத்தேன்.

"பெரிய இவரு! கம்பெனிக்காரன் வந்து கழுத்தப் புடிக்கறப்ப எங்க கடைக்குத்தான் ஓடி வருவீங் நாச்சிமுத்தண்ணா, அப்ப நான் ஒரு வா..."

தார்ப்பாய் கடைசி மூலையை மூடியது. ஏச்சு பாதியில் நின்றது.

எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி நின்றாள்.

"என்ன அம்மிணி, சரக்குத் தீந்து போச்சா?" என்றேன். எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அவள் பேச்சை அவளே நிறுத்தி நான் பார்த்ததில்லை. பொங்கியண்ணன் கூடச் சிரித்தான்.

கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றி ஓரத்துப் பசையை இளக்கினோம். கம்பியை உள்ளே விட்டோம். அவன் ஒரு இழுப்பு, நான் ஒரு இழுப்பு. பசை பாகு மாதிரி நூல் விட்டுக்கொண்டு அறுந்தது.

"ஏண்ணா, கொல்லிமலைக்குத்தான?" என்றான் அவன்.

"ஆமா. நீங்களும் வாங்களேன். ஓ, உங்களுக்கும் உத்தரவு வந்திருக்குமில்ல."

"எங்களுக்கு ஒண்ணும் வரலீங்களே."

நான் கம்பியை நிறுத்தினேன். "வரலியா?"

"இல்லீங். அக்கட்ட நிக்கற தறிக்காரங்க வண்டி நேத்துக்கூட ஈரோடு கெளம்பிப் போச்சே."

எனக்கு மட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பியை வேகமாக இழுத்தேன். கீழே வண்டித் தகரத்தில் டொம் டொம் என்று தட்டுகிற சத்தம் கேட்டது. துளசிமணிதான், கோபத்தில் தட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு தீர்ந்தவள் தட்டத்தானே செய்வாள். முன்பக்கம் முழுவதும் அறுபட்டு வந்துவிட்டது.

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. பொங்கியண்ணன் குனிந்து பார்த்தான். கம்பியை அப்படியே போட்டுவிட்டு ஏணியில் சறுக்கி இறங்கினான். நான் அவன் பின்னாலேயே இறங்கினேன்.

துளசிமணி எங்களைப் பார்த்ததும் தட்டுவதை விட்டாள். வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் 'ஆ... ஆ...' என்று மட்டும் வருகிறது. கையால் தொண்டையைக் காட்டுகிறாள், என் கூரையைக் காட்டுகிறாள்.

"மறுபடியும் வாதம் வந்திருச்சுண்ணா! வண்டியெடுங்!" பொங்கியண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

எந்த வண்டியை எடுப்பது? என் வண்டி வரப்பைத் தாண்டாது. அவன் வண்டியில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் வந்தது. நிரஞ்சனா. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தியது.

"தகட்டை மூடுனது யாரு? தார்ப்பாயை எடுங்கய்யா, மொதல்ல அதை எடுங்க!"

அந்தக் குரலில் இருந்த பயம் பொய் இல்லை. ஏறி, தார்ப்பாயையும் சாக்கையும் உருவி எறிந்தேன். வெயில் தகட்டில் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கீழேயிருந்து வந்தது.

"...நாச... நாசமாப் போறவரே! நாச்சிமுத்தண்ணா! தொண்டையக் கட்டிப் போட்டு வேடிக்கை பாக்கறீங்ளா! நான் செத்தேன்னு நெனச்சேன்!"

பொங்கியண்ணன் தரையில் உட்கார்ந்து அழுதான்.

அந்தப் பெண்ணை டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்து நான் கேட்டேன். "சொல்லும்மா. இப்ப சொல்லு. என்ன கணக்குப் போடுது, என்ற கூரைல கெடக்கற தகடு?"

அது ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தது. "அம்மா காதுக்குப் பின்னாடி இருக்கற பொத்தானுக்குள்ள அவ்வளவு மூளை வெக்க எடமில்லீங்கய்யா. அவங்க சொல்ல நெனைக்கறதை அது புடிச்சு வெளிய அனுப்பும். அதைப் பேச்சாக் கட்டித் திருப்பி அனுப்பறது வெளிய நடக்குது. பக்கத்துல எந்தத் தகடு இருக்கோ அதுல."

"பக்கத்துலன்னா?"

"மொதல்ல எல்லாக் கூரையிலயும் பிரிச்சுத்தான் போட்டோம். மத்ததெல்லாம் அழுக்குங்கய்யா. வெயில் பத்தல. உங்க தகடு ஒண்ணுதான் எப்பவும் தொடைச்சு வெச்ச மாதிரி இருக்கும். போன வெயிலுக்கு நீங்க போயிட்டு வந்ததுக்கு அப்புறம், அது பாட்டுக்கு நகந்து நகந்து மொத்தமும் அங்க வந்து உக்காந்துருச்சு."

எனக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை. "அப்பன்னா, இத்தன மாசமா இந்தப் பொம்பள என்னைய ஏசுனதெல்லாம் என்ற கூரைலதான் வெந்துச்சா? என்ற வெயில்ல?"

"ஆமாங்கய்யா."

"கருவாட்டுப் பானைன்னு சொன்னது?"

"அதுவும்தாங்கய்யா."

"அப்ப அந்த உத்தரவு எனக்கு மட்டும் வந்தது..."

"நீங்க வண்டியை எடுத்துட்டுப் போனா அம்மாவுக்குப் பேச்சு போயிரும். வேற தகட்டுல மறுபடியும் பழக்கணும்னா மாசக்கணக்காகும். அதான் வெயில்னு ஒரு காரணம் சொல்லி..."

"நெசத்தைச் சொல்லிக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா இருந்திருப்பீங்களா?"

தெரியாது. இன்றைக்கும் தெரியாது. இருந்திருப்பேனோ, போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்று சொல்லியிருப்பேனோ. ஆனால் கேட்காதவனுக்கு என் பதிலைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. அதைத்தான் சொன்னேன். கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன்.

துளசிமணி இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தாள். இந்தத் தடவை தானாகவே. பாய்லர் பக்கம் நின்று, கையிலிருந்த டீ வடிகட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் வந்தாள்.

"என்ற பேச்சு எவன் கூரைல கெடக்குதுன்னு எனக்கே தெரியாது. என்றகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்ளா?"

"அப்ப உங்களால பேச முடியாதேங்கம்மா. எப்படிக் கேக்கறது?"

"பேச்சுத்தான போச்சு? தலையாட்டத் தெரியுமில்ல எனக்கு!" வடிகட்டியைப் பெஞ்சில் வைத்தாள். "நான் இந்த மனுசன்கிட்ட ராத்திரி சொன்னது, எஞ்சாமிகிட்ட முணுமுணுத்தது, எல்லாம் அங்க போயிட்டு வந்ததா?"

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

"கேக்க மாட்டாங்ளா? கேக்க முடியாதா?"

நிரஞ்சனா தலையைக் குனிந்துகொண்டது. எனக்கு அந்தப் பெண்ணின் மேல் அப்போதுதான் கொஞ்சம் மரியாதை வந்தது. பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"ஒண்ணுமில்ல அம்மிணி," என்றேன் நான். சொல்வதற்கு எனக்குக் கசந்தது. "நான் எங்கயும் போகல. இங்கயே வேகறன், போ."

"எவரு உங்களை இருக்கச் சொன்னது?" அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க எனக்காக வெந்து செத்து, அந்தப் பழிய நான் சொமக்கோணுமா? நாளைக்கு உங்களை ஏசறதுக்கு வாயத் தொறந்தா, ஐயோ இவரு போட்ட பிச்சையாச்சேன்னு வாய் அடைச்சுக்காதா? என்ற பேச்சு என்ற கூரைல இருக்கட்டும். அறுத்து எடுத்து இங்க வெய்யுங்."

"அம்மா, உங்க கூரைல தண்ணித் தொட்டி இருக்கு. அதனாலதான் பெரிய தகடு போடல," என்றது நிரஞ்சனா.

"தொட்டிய எறக்கறன்," என்று பொங்கியண்ணன் எழுந்தான். "கீழருந்து கொடத்துல தூக்கிக்கறன். எனக்கென்ன."

"அது மட்டுமில்லீங்க. பொழுது சாஞ்சா அது மெதுவா பேட்டரிக்கு மாறிக்கும். பகல்ல திடீர்னு மூடி வெச்சு அறுத்தா உள்ள பழகுனதெல்லாம் கலைஞ்சிரும். இப்பவே கொஞ்ச நேரம் மூடுனதுக்கே எங்க ஆபீஸ்ல மணி அடிச்சுது. வெயில் மேல விழுந்துட்டே இருக்கணும். கரண்டு ஓடறப்பவே அறுக்கணும். தகடு வளையக் கூடாது. வளைஞ்சா உள்ள எந்த எடம் ஒடையுதோ அந்த எடத்துல இருக்கற பேச்சு போயிரும். எது போகும்னு எனக்கே தெரியாது."

"போச்சுன்னா எப்பிடித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

அந்தப் பெண் துளசிமணியைப் பார்த்தது. "பேசிட்டே இருங்கம்மா. நீங்க நின்னா நாங்க நிறுத்திருவோம்."

"என்னத்தைப் பேசறது?"

"வழக்கமாப் பேசறதையே பேசுங்க."

அது தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, போனை ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியது. "தகடு இதே திடல்லதான இருக்கப் போகுது. எங்க கணக்குல அது நகரவே இல்ல," என்றது. யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

இப்படித்தான் உச்சி வெயிலில் நாங்கள் மூன்று பேரும் கூரை மேல் ஏறினோம். நானும் பொங்கியண்ணனும் கையில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்தோம். அறுபடுகிற இடத்தில் நிரஞ்சனா ஒரு பலகையை மெல்ல மெல்லச் செருகிக்கொண்டே வந்தது, தகடு தொங்காமல் இருப்பதற்கு. அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை. அதுவாகச் செய்தது. கீழே நடுத்திடலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு துளசிமணி நின்றாள்.

"ஆரம்பிக்கட்டுமாங்?"

"ஆரம்பி அம்மிணி," என்றேன்.

"ஏனுங் நாச்சிமுத்தண்ணா! ஒங்க வண்டியில ஏறுனா கோழிக் கூண்டு நாத்தம் அடிக்குது, நாச்சிமுத்தண்ணா! சட்டைய எப்பத் தொவைச்சீங்? போன நோம்பிக்கா? உப்புமாக் கிண்டறன்னு நீங்க கிண்டுனதை நாய் மோந்து பாத்துட்டு ஊரை விட்டே போயிருச்சு, தெரியுமா உங்களுக்கு?"

நான் ஒரு இழுப்பு. பொங்கியண்ணன் ஒரு இழுப்பு. கூரைத் தகரம் முட்டியைச் சுட்டது. தகட்டின் ஓரம் பட்டபோது கை விறுவிறுவென்று இழுத்தது. திடலில் இருந்த வண்டிக்காரர்களெல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். எதற்கு ஏசுகிறாள், எதற்கு நாங்கள் திருப்பிப் பேசாமல் வேலை செய்கிறோம் என்று எவனுக்கும் புரிந்திருக்காது.

"இந்த மனுசன் மட்டும் யோக்கியமா? ஏனுங், ஒங்களத்தான், பொங்கியண்ணன்ங்கறவரே! கல்யாணத்தன்னிக்குத் தாலிய முன்னால போடறதா பின்னால போடறதான்னு அய்யர்கிட்டக் கேட்ட ஆளு!"

"அதை எதுக்கடி இப்ப..." என்றான் அவன், இழுத்துக்கொண்டே. முகத்தில் வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக ஓடியது.

மூன்று பக்கம் வந்துவிட்டது. கடைசியாக என் பக்கத்து மூலை. அங்கே பசை கட்டியாக இருந்தது.

"இருங்கய்யா," என்றது நிரஞ்சனா. "அங்க நான் அன்னிக்குக் கூடுதலாப் பிதுக்கிட்டேன். சித்த நேரம் காயட்டும், தானா எளகும்."

கம்பெனிக்காரி சொல்லி நான் காத்திருக்க வேண்டுமா? "எனக்குத் தெரியும்," என்று சொல்லி ஒரு வெட்டு இழுத்தேன்.

டக் என்று ஒரு சத்தம். உள்ளங்கை அளவுக்கு ஒரு மூலை உடைந்து கூரையோடு நின்றுவிட்டது. மிச்சத் தகடு விடுபட்டுப் பலகையில் உட்கார்ந்தது.

கீழே ஏச்சு நின்றது.

ஒரு மூச்சு விடுகிற நேரம். பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"...என்னங், மூணு பேரும் செலையாட்ட நிக்கறீங்? தூக்குங்! வெயில்ல நான் கருகறது தெரியலயா?"

எங்களுக்கு உயிர் வந்தது. நாலு வண்டிக்காரர்கள் ஓடிவந்து கை கொடுத்தார்கள். தகட்டை வெயிலைப் பார்த்தபடியே சாயாமல் தூக்கிக்கொண்டு போய், தொட்டியை இறக்கிவிட்டு, டீக்கடை வண்டியின் கூரையில் வைத்தோம். பசை வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். ஓரத்துக்குப் பட்டை அடித்து, கூரையில் ஓட்டை போட்டு, போல்டு போட்டு முடுக்கினேன். ஒழுகினால் ஒழுகட்டும். நாளைக்கு வேறு எவன் கழற்ற வேண்டியிருந்தாலும் ஒரு ஸ்பேனர் போதும்.

நிரஞ்சனா கீழே உட்கார்ந்து துளசிமணியைச் சோதித்தது. உப்பு, புளி, பாய்லர், சனிக்கிழமை, மகள் பெயர், மகள் வாக்கப்பட்ட ஊர். எல்லாம் வந்தது. "ஒண்ணும் போகலீங்க," என்று சிரித்தது. அந்தப் பெண் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் என் பழைய தகட்டை மாட்டினேன். மோட்டாருக்குப் போகிற வயரை நேராகக் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. வண்டியைக் கிளப்பி வரப்பு வரை கொண்டுபோனேன். நிற்கவில்லை. முன்சக்கரம் தாண்டியது. அங்கேயே நிறுத்திவிட்டு, கடையில் வைத்த என் தூக்குப்போசியை எடுப்பதற்காக இறங்கி நடந்து வந்தேன்.

துளசிமணி போசியில் டீயை ஊற்றி மூடி வைத்திருந்தாள். நீட்டினாள்.

"பாத்துப் போங்," என்றாள். "ஏனுங்..."

நின்றுவிட்டாள். உதடு குவிந்தது, விரிந்தது. என் முகத்தையே பார்த்தாள். "ஏனுங்... இவரு... பக்கத்து வண்டி..." நெற்றியைத் தேய்த்தாள். "என்னங் இது. நாக்கு நுனியில நிக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த 'டக்'குக்குப் பிறகு அவள் எவ்வளவோ பேசினாள். ஒரு தடவை கூட என் பெயர் வரவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்வியிலும் என் பெயர் இல்லை. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"நாச்சிமுத்தண்ணன்டி," என்று பொங்கியண்ணன் எடுத்துக் கொடுத்தான்.

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

நிரஞ்சனா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னது. "அந்த மூலைல இருந்திருக்குங்கய்யா. வரும். ஆனா அந்தப் பேரு எந்த முகத்துக்குன்னு தகடு மறுபடியும் பழகணும். நீங்க எதுத்தாப்புல இருந்து, அவங்க தெனமும் உங்களைக் கூப்பிட முயற்சி பண்ணுனா, ஆனிக்குள்ள வந்துரும்."

ஆனிக்குள்ளே. உத்தரவில் போட்டிருந்ததும் அதே ஆனி.

நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் வெந்து, கையெல்லாம் பசையாக, பாவமாகத்தான் நின்றது. நிஜமாகவே இருக்கலாம். நல்ல பெண்ணாகக் கூட இருக்கலாம். பசை பூசும்போதும் இப்படித்தான் நல்ல பெண்ணாக நின்றது. துளசிமணியைப் பார்த்தேன். அவளும் லேசுப்பட்டவள் கிடையாது. வேண்டுமென்றே என் பெயரை விட்டுவிட்டு நிற்கிறாளோ என்னவோ. இருக்கச் சொல்லி வாயால் கேட்கமாட்டாள், செத்தாலும் கேட்கமாட்டாள்.

"பேரு எதுக்கு அம்மிணி?" என்றேன். "கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கற ஆளா நான்?"

போசியை வாங்கிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தேன். உடைந்த மூலை இன்னும் என் கூரையில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. சாய்ந்த வெயில் பட்டு மினுங்கியது. அதைத் துடைக்க வேண்டும் என்று கை பரபரத்தது. துடைக்கவில்லை.

பின்னாலிருந்து, "ஏனுங்! ஏனுங், உங்களைத்தான்! கருவாட்டுப் பானை மூஞ்சி! வெயில் போனதும் வந்து கிளாஸைக் கழுவி வெச்சுட்டுப் போங்!" என்று சத்தம் வந்தது.

குரலில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், என் பெயர் அவளுக்குப் போய்விட்டது என்பதை நான் இன்னும் நம்பவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.